களிமண்ணில் ஒடுங்கிய கான் வெட்டுதல்: சிறிய பெக்கோவோடு முதல் நாள்

கொழும்பில் மண் என்றால் ஒரே மண் இல்லை. கிருலப்பனையிலோ நுகேகொடை மேட்டிலோ வெட்டினால் சிவந்த கபுக் வரும். வெட்டும்போது விட்டுக்கொடுக்கும், காற்றுப் பட்டதும் கல்லாகிவிடும். அதே நிலத்தில் இன்னும் கீழே இறங்கினால் வெளிறிய களி தலைகாட்டுவதும் உண்டு. பொரலஸ்கமுவைப் பக்கம் பீங்கான் தொழிலுக்குத் தோண்டியெடுத்தது அத்தகைய வெண்களியைத்தான். ஆனால் வெல்லம்பிட்டி, கொலன்னாவை, மட்டக்குளி என்று களனி ஆற்றை ஒட்டி வந்தால் கதை வேறு. ஆறு காலங்காலமாகக் கொண்டுவந்து போட்ட சாம்பல் நிறக் களி அங்கே கிடக்கிறது. 2016 மே மாத வெள்ளத்தில் அந்தப் பகுதி வீடுகளுக்குள் படிந்த சேற்றைக் கழுவியவர்களுக்கு நான் என்ன மண்ணைச் சொல்கிறேன் என்று உடனே விளங்கும்.

அந்த மண்ணில் ஓர் அடி அகலத்தில், மூன்றடி ஆழத்துக்குள், கழிவுநீர்க் குழாயோ தண்ணீர்க் குழாயோ புதைக்கக் கான் வெட்ட வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். குழாய் புதைக்கும் அகழியைத்தான் நம் வேலைத்தளங்களில் கான் என்கிறோம். நீங்களே மண் தோண்டும் இயந்திரமான பெக்கோவின் இருக்கையில் ஏறப் போகிறவராக இருக்கலாம். அல்லது ஒப்பரேட்டருக்குப் பக்கத்தில் குடை பிடித்து நின்று வேலை வாங்கப் போகிற வீட்டுக்காரராக இருக்கலாம். இருவருக்கும் இதில் சேதி உண்டு.

நான் முதன்முதலில் கொலன்னாவையில் கான் வெட்டியபோது ஒரு காலைப் பொழுதில் பன்னிரண்டடிதான் முன்னேறினேன். ஒவ்வொரு முறையும் பக்கெட்டை நிரம்ப நிரம்ப எடுத்தேன். எடுத்த மண் பக்கெட்டை விட்டு இறங்கவில்லை. தாச்சியில் பிடித்த தொதல் போல அப்படியே உட்கார்ந்துகொண்டது. கோபத்தில் பக்கெட்டைத் தரையில் குத்தினேன். மண் விழவில்லை, பக்கெட்டை இயந்திரத்தின் கையோடு பூட்டும் இணைப்பு ஊசி வளைந்தது. அடுத்த வளவில் வேலை செய்துகொண்டிருந்த வயதான ஒப்பரேட்டர் ஒருவர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, அரைப் பக்கெட் எடுங்கள், போதும்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப் போவதில் பாதி அந்த அரைப் பக்கெட்டின் விரிவுரைதான்.

மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தல்

பெக்கோவுக்கு நாள் குறிப்பதற்கு முன் அலவாங்கும் மண்வெட்டியும் கொண்டு இரண்டு இடத்தில் இரண்டடி ஆழத்துக்குக் கையால் குழி தோண்டுங்கள். அடி மண்ணில் ஒரு பிடி எடுத்துக் கல்லை நீக்கி, பலகையில் வைத்து உள்ளங்கையால் உருட்டுங்கள். இடியப்பத் திரியைவிடச் சற்றுத் தடிப்பாக, 3 மில்லிமீற்றர் அளவுக்கு வந்ததும் திரி உடைந்து உதிர்ந்தால் நல்ல காலம். பக்கெட்டிலிருந்து அந்த மண் இறங்கும். உடையாமல் இன்னும் மெல்லியதாக நீண்டுகொண்டே போனால் மண்ணில் நீர் கூடுதல், அது ஒட்டும். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. சுவீடனைச் சேர்ந்த அற்றர்பேர்க் 1911இல் களிமண்ணுக்கு வகுத்த நீர் எல்லைகளில் ஒன்றை அறிவதற்கு ஆய்வுகூடங்களில் இன்றும் இப்படித்தான் உருட்டுகிறார்கள்.

குழிகளைப் பலகையால் மூடி ஓர் இரவு விட்டுவைத்தால் இன்னொன்றும் தெரியும். காலையில் அடியில் தண்ணீர் நின்றால் நிலத்தடி நீர் மேலேயே இருக்கிறது. அப்படியென்றால் தண்ணீர் இறைக்கும் பம்பையும் வேலைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாள் குறிப்பதைப் பொறுத்தவரை தை, மாசியைவிட நல்ல காலம் கொழும்பில் இல்லை. மே மாதத்திலும் ஒக்டோபர், நவம்பரிலும் மழை கொட்டும். அந்த மாதங்களில் வெட்டியே ஆகவேண்டும் என்றால் காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் இரண்டு மணிக்கு முன் குழாயை இறக்கி மூடக்கூடிய நீளத்தை மட்டும் திறவுங்கள். ஒக்டோபர் மாதத்துப் பின்னேர இடிமழைக்கு உங்கள் வேலைத் திட்டம் தெரியாது.

நிலத்துக்குக் கீழும் தலைக்கு மேலும்

மாநகர எல்லைக்குள் மின்கம்பிகள் பல இடங்களில் நிலத்துக்கு அடியில் போகின்றன. கழிவுநீர்க் குழாய்களில் சில நூறாண்டு கண்டவை. உங்கள் கான் போகும் வழியில் அடியில் என்ன இருக்கிறது என்று மின்சாரம், நீர் வழங்கல், தொலைபேசி ஆகிய மூன்று தரப்பிடமும் கேளுங்கள். வளவுக்கு வெளியே வீதி ஓரத்தில் ஓரடி வெட்டுவதாக இருந்தாலும் வீதிக்குப் பொறுப்பான அதிகாரசபையின் அனுமதி வேண்டும். வளவுக்குள் இருப்பதற்கு வரைபடம் பெரும்பாலும் இருக்காது. வீட்டில் மூத்தவர்களைக் கேளுங்கள், மீற்றர் பெட்டியிலிருந்து கம்பி எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பாருங்கள்.

ஒரு குறியை மட்டும் மறக்காதீர்கள். களிமண் வெட்டிக்கொண்டு போகையில் திடீரென மணலோ செங்கல் வரிசையோ மஞ்சள் நாடாவோ தெரிந்தால் கையை லிவரிலிருந்து எடுங்கள். களிக்கு நடுவே மணல் தானாக வந்து படுத்துக்கொள்வதில்லை. யாரோ எதையோ புதைத்து மணல் போட்டு மூடியிருக்கிறார்கள். அங்கிருந்து கைவேலைதான். அலவாங்கால் குத்தாமல் மண்வெட்டியால் வழித்து எடுங்கள்.

தலைக்கு மேலே வீட்டுக்கு வரும் மின்கம்பியையும் பாருங்கள். ஒழுங்கைகளில் அது தாழ்ந்து தொங்கும். குனிந்து கானைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒப்பரேட்டருக்கு உயர்ந்துகொண்டிருக்கும் பூம், அதாவது பெக்கோவின் பெரிய கை, கண்ணில் படாது. அதை மட்டும் பார்ப்பதற்கென்றே ஒருவரை நிறுத்துங்கள்.

எந்த இயந்திரம், எந்தப் பக்கெட்

வீதியில் காணும் பெரிய பெக்கோ ஏழெட்டுத் தொன் எடையும் ஏழடிக்கு மேல் அகலமும் உள்ளது. எட்டுப் பேர்ச் வளவில் அது திரும்புவதற்கே இடம் இல்லை. ஒன்றரைத் தொன் அளவிலான இறப்பர்ச் சங்கிலி இயந்திரம் நாலடிக் கேற்றால் உள்ளே போய்விடும். பூமை உடலிலிருந்து தனியே பக்கவாட்டில் திருப்பக்கூடிய வகை கிடைத்தால் அதையே கேளுங்கள், மதிலை ஒட்டி நேராக வெட்டலாம். டிராக்டரின் பின்னால் பூட்டிய சிறிய பெக்கோ என்றால் இரண்டு தாங்கு கால்களுக்கும் அடியில் தடித்த பலகை வைக்க மறவாதீர்கள். களியில் ஒரு கால் மெல்லப் புதைந்தால் கானும் மெல்லச் சாயும். நீங்கள் அதைக் கவனிப்பது குழாய் இறக்கும்போதுதான்.

பக்கெட்டில் எல்லோரும் விடும் பிழை, மிக ஒடுங்கியதைத் தேர்வது. குழாய் நாலங்குலம் என்றால் 9 அங்குலப் பக்கெட் போதும் என்று மனம் கணக்குப் போடும். மணல் மண்ணில் அது சரி. களியில் பக்கெட் ஒடுங்க ஒடுங்க இரண்டு பக்கச் சுவரும் மண்ணை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். என் தேர்வு 12 அங்குலம். வாய் அகன்று அடி சிறுத்த பக்கெட் கிடைத்தால் இரட்டிப்பு மகிழ்ச்சி. அடித்தகட்டில் துளை போட்டிருந்தால் காற்றுப் புகுந்து மண் கழன்று விழும். உள்ளே ஒரு துண்டுச் சங்கிலியைப் பற்றவைத்துத் தொங்கவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பக்கெட்டைக் கவிழ்க்கும்போது சங்கிலி மண்ணைப் பிய்த்துக்கொண்டு வரும். ஓரப் பல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது கானைப் பக்கெட்டைவிட ஒரு விரலளவு அகலமாக வெட்டும், பக்கெட் சுவரோடு சிக்காது.

அதற்காக 18 அங்குலத்துக்குத் தாவ வேண்டாம். 60 அடி நீளம், சராசரி இரண்டரை அடி ஆழம், ஓரடி அகலம் என்றால் 150 கன அடி, நம் கணக்கில் ஒன்றரைக் கியூப். வெட்டிய களி பொங்கி ஏறக்குறைய இரண்டு கியூபாகும். அகலம் ஒன்றரை அடியானால் இன்னும் ஒரு கியூப் கூடும். அந்த மண்ணைக் கொண்டுபோகும் டிப்பருக்கும் நீங்கள்தான் பணம் கொடுக்க வேண்டும். பக்கத்துச் சதுப்பில் கொட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். தாழ்நிலம் நிரப்புவதற்கு அனுமதி வேண்டும். ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் கீழ் 2018இல் ஈரநில நகரம் என்ற பெயரை வாங்கிய ஊர் இது.

மட்டமும் கோடும்

நாலங்குலக் கழிவுநீர்க் குழாய்க்கு 60க்கு 1 சரிவு வைத்தால், 60 அடியில் ஓரடி இறங்க வேண்டும். 40க்கு 1 என்றால் ஒன்றரை அடி. எங்கே சேர்கிறதோ அந்த முனையின் ஆழத்தை முதலில் அளந்துகொண்டு அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். தண்ணீர் நிரப்பிய தெளிந்த குழாய் ஒன்று இருந்தால் மேசன்மார் செய்வதுபோலவே இரண்டு முனை மட்டத்தையும் ஒப்பிடலாம். கானின் நடுக்கோட்டைச் சுண்ணாம்பால் போடுங்கள். முளைகளைக் கோட்டின் மேல் அடிக்காமல் மூன்றடி தள்ளி அடியுங்கள். கோட்டின் மேல் அடித்தால் முதலாவது பக்கெட்டிலேயே போய்விடும்.

மதிலை ஒட்டிய கான் என்றால் கவனம் கூட வேண்டும். கொழும்பு மதில்களின் அத்திவாரம் பெரும்பாலும் ஆழமில்லாதது. அத்திவாரத்தின் அடி விளிம்பிலிருந்து 45 பாகைச் சரிவாக ஒரு கோட்டை மனதில் வரையுங்கள். உங்கள் கான் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. அத்திவாரத்தைவிட இரண்டடி ஆழம் போக வேண்டுமானால் இரண்டடி தள்ளி வெட்டுங்கள் என்பது அதன் பொருள்.

வெட்டுதல்

முதலில் லிவர்கள். எல்லா இயந்திரங்களிலும் அவை ஒரே ஒழுங்கில் இல்லை. ஒன்றில் பூமை உயர்த்தும் அசைவு இன்னொன்றில் பூமுக்கும் பக்கெட்டுக்கும் இடையிலுள்ள முன்கையை நீட்டும். திறந்த இடத்தில் அரை மணித்தியாலம் வெறுமனே அசைத்துப் பழகுங்கள். மணித்தியாலக் கணக்கில் வாடகை ஓடுகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும். மதிலைத் திருத்தும் செலவோடு ஒப்பிட்டால் அது சில்லறை.

தாழ்ந்த முனையில் தொடங்குங்கள். ஊறும் நீர் உங்களை விட்டு விலகி ஓடும். தொடக்கத்தில் ஓர் இறைப்புக் குழியும் அங்கேயே வந்துவிடும். சங்கிலிகள் இரண்டும் சுண்ணாம்புக் கோட்டின் இரு புறமும் சமதூரத்தில் இருக்கட்டும். இயந்திரத்தை நோக்கி வெட்டி இழுத்துக்கொண்டே பின்னால் நகருங்கள். பின்னகரும்போது கோட்டை விட்டு ஓரங்குலம் விலகினாலும் ஒடுங்கிய கானில் பக்கெட் சுவரை உரசும். ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் பக்கெட்டைக் கோட்டின் மேல் இறக்கிப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

மேல் மண்ணை ஆறங்குலம் உரித்துத் தனியாகப் போடுங்கள். கடைசியில் மேலே மூடுவதற்கு அது வேண்டும். புல்லும் வேரும் கலந்த அந்த மண்ணைக் களியோடு சேர்த்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

இனி அரைப் பக்கெட். பற்களை ஆழமாகக் குத்தி ஒரே பிடியில் ஓரடி மண்ணை அள்ளாதீர்கள். பக்கெட்டின் அடி, வெட்டும் முகத்துக்கு ஏறக்குறைய சமாந்தரமாக இருக்கும்படி பிடித்து, மூன்று நாலு அங்குலத் தடிப்பில் நீளமாகச் சீவுங்கள். களி பினாட்டு உரிந்து வருவதுபோல் தகடாகச் சுருண்டு உள்ளே வரும். முன்கையை இழுத்துக்கொண்டே வாருங்கள், பக்கெட்டைச் சுருட்டுவதை, அதாவது அதன் வாயை உள்ளே மடக்குவதை, கடைசிவரை தள்ளிப்போடுங்கள். புதியவர்கள் தொடக்கத்திலேயே சுருட்டிவிடுகிறார்கள். அப்போது களி பக்கெட்டின் குதிப் பகுதியில் போய் இடித்து இறுகுகிறது. அதன்பின் அதை இறக்க மண்வெட்டியோடு ஒருவர் வேண்டும். பாதி நிரம்பியதும் எடுத்துவிடுங்கள். பாதி என்றால் இரு மடங்கு தடவை, இரு மடங்கு நேரம் என்று தோன்றும். இறங்காத மண்ணோடு போராடும் நேரத்தை அந்தக் கணக்கு சேர்த்துக்கொள்ளவில்லை. அன்று மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தவர் சொன்னபடி பகலுக்குப் பிறகு வெட்டினேன், நாலு மணிக்குள் முப்பதடி முடிந்தது.

ஈரக் களியில் பக்கெட்டை அடியிலிருந்து செங்குத்தாகத் தூக்காதீர்கள். அடியில் வெற்றிடம் உண்டாகிக் கான் பக்கெட்டை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், பெக்கோதான் முன்னால் சாயும். முதலில் சற்றுச் சுருட்டி ஒரு ஓரத்தால் காற்றைப் புகவிட்டு, பிறகு தூக்குங்கள்.

கொட்டும்போது பக்கெட்டை முழுதாகத் திறந்து, லிவரை இரண்டு மூன்று முறை சிறிதாக முன்னும் பின்னும் அசைத்தால் போதும். ஹைட்ரோலிக் தண்டு எல்லைவரை போய் டமார் என்று முட்டும் அளவுக்கு அடிக்க வேண்டாம். தரையிலும் குத்த வேண்டாம். ஊசியின் விலை எனக்குத் தெரியும். அருகில் ஒரு பீப்பாய் தண்ணீர் வைத்து ஐந்தாறு தடவைக்கு ஒரு முறை வெறும் பக்கெட்டின் உட்புறத்தை நனைத்துக்கொண்டால் களி வழுக்கி இறங்கும். டீசல் பூசுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். கிணறு இருக்கும் ஊரில் அது பாவம். ஒட்டியதை வழிக்க வேண்டுமானால் பக்கெட்டை நிலத்தில் இறக்கி, இயந்திரத்தை நிறுத்திவிட்டு, நீண்ட பிடி போட்ட மண்வெட்டியால் வழியுங்கள். இயந்திரம் ஓடும்போது அதற்குள் கை போகக் கூடாது.

மண்ணைக் கானின் ஒரு பக்கம் மட்டும், விளிம்பிலிருந்து குறைந்தது இரண்டடி தள்ளி, படங்கின் மேல் போடுங்கள். மற்றப் பக்கம் ஆட்களுக்கும் குழாய்களுக்கும். கடைசி இரண்டங்குலத்தைப் பெக்கோவுக்கு விடாமல் கையால் வழித்து மட்டம் பாருங்கள். தவறி ஆழமாக வெட்டிவிட்டால் அந்தப் பள்ளத்தை வெட்டிய களியால் நிரப்ப வேண்டாம், அது பிறகு அமுங்கும். மணலோ சிறு சல்லிக்கல்லோ போடுங்கள்.

ஊறுகுழிக்குப் போகும் கான் என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. ஈரக் களியில் பக்கெட் உரசிய சுவர் மெழுகிய திண்ணைபோல் பளபளக்கும், நீர் உள்ளே இறங்காது. முள்வாரியால் அந்தப் பளபளப்பைக் கீறிவிடுங்கள்.

நிற்கும் சுவரை நம்பாதீர்கள்

களிமண் சுவர் வெட்டியவுடன் கத்தியால் அறுத்ததுபோல் நேராக நிற்கும். அதுதான் அதன் வஞ்சகம். மணல் சரிவதற்கு முன் சிந்திக்காட்டும். களி மணிக்கணக்கில் அசையாமல் நின்றுவிட்டு ஒரே துண்டாக விழும். விளிம்புக்குச் சமாந்தரமாக நிலத்தில் மயிரிழை போல் வெடிப்புத் தெரிந்தால் அதுதான் முன்னறிவிப்பு. ஒரு கன அடி களி ஒரு சீமெந்து மூட்டையைவிடக் கனம், 50 கிலோவைத் தாண்டும். முழந்தாளிட்டுக் குழாய் பொருத்துகிறவரின் முதுகில் அப்படி நாலு மூட்டை விழுந்தால் மூன்றடிக் கானே போதும். அமெரிக்காவின் வேலைப் பாதுகாப்பு விதிகள் 5 அடியோ அதற்கு மேலோ ஆழம் என்றால் சுவருக்கு முட்டோ வேறு பாதுகாப்போ இல்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்கின்றன. நம் ஊர் மழைக் களியில் நான் அந்த எல்லையை மூன்றடிக்குக் கொண்டுவந்துவிடுவேன். அதற்கு மேல் பலகையும் குறுக்கு முட்டும் போடுங்கள். அல்லது குழாயை மேலேயே பொருத்திக் கயிற்றில் இறக்குங்கள். ஓரடிக் கானுக்குள் ஆள் இறங்கவே தேவையில்லாதபடி வேலையை அமைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி.

திறந்த கானில் தண்ணீர் தேங்கினால் இன்னொரு வில்லங்கம். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். 2017இல் நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். நுளம்பு பெருகும் இடத்தை வைத்திருப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேற்றைத் தட்டும்போது "குழாய் இன்னும் வரவில்லை" என்ற பதில் எடுபடாது. குழாயை வாங்கி வளவில் வைத்துவிட்டுப் பெக்கோவைக் கூப்பிடுங்கள்.

மூடுதல்

அடியில் நாலங்குலம் மணல், அதன் மேல் குழாய், குழாயின் இரு புறமும் மணலைக் கையால் இடித்து, குழாய்க்கு மேலும் நாலங்குலம். மூடுவதற்கு முன் குழாயில் தண்ணீர் விட்டுப் பாருங்கள். களியைத் திரும்பத் தோண்டுவதற்கு யாருக்கும் மனம் வராது. பிறகு களியை ஆறங்குலப் படையாகப் போட்டு ஒவ்வொன்றாக இடியுங்கள். கட்டி கட்டியாகத் தள்ளினால் இடையில் பொந்து நிற்கும். நீர் கூடிய களியை இடிப்பதும் வீண், ஒரு பக்கம் குத்தினால் மறுபக்கம் எழும்பும். அதை ஓரிரு நாள் படங்கின் மேல் பரப்பி ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள்.

களிக்கு நடுவே போட்ட மணல் படுக்கை தானே ஒரு வடிகாலாக மாறிவிடும் என்பதைப் பலர் நினைப்பதில்லை. மழை நீர் முழுவதும் அதற்குள் இறங்கி, சரிவு வீட்டுப் பக்கம் இருந்தால் அத்திவாரத்தடியில் போய் நிற்கும். கான் வீட்டை நெருங்கும் இடத்தில் மூன்றடி நீளத்துக்கு மணலை விட்டுவிட்டுக் குழாயைச் சுற்றிலும் களியையே இறுக இடித்து அடைத்துவிடுங்கள்.

மேலே தனியாக வைத்த மேல் மண்ணைப் போட்டு, நிலமட்டத்தைவிட இரண்டு மூன்றங்குலம் உயர்த்தி விடுங்கள். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அது தாழ்ந்துவிடும், ஒரு சாக்கு மேல் மண்ணை மதிலோரம் எடுத்து வையுங்கள். பக்கெட்டை அன்று மாலையே கழுவுங்கள். காலையில் அந்தக் களியை எடுக்க உளிதான் வேண்டும், வாடகைக்காரர் அதற்கும் கணக்கு எழுதுவார்.